திருகாத திருகி

அன்பு மகள் கடுகுக்கு,

எடையளவு இலாகாவில் முப்பத்தொரு வருடம் ஆய்வாளராக இருந்து, நாட்டிலுள்ள தராசுகளையெல்லாம் நடுநடுங்க வைத்துவிட்டு ஓய்வு பெற்ற மகாபுருஷனாகிய உன் சித்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான் முழு நலம். உன் சித்தி முக்கால் நலம். மீதிக் காலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கால் என்றதும் பதறாதே, நான் சொன்னது கால் பங்கு. அவளுடைய கால்கள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, அதில் ஒன்றால் நேற்றுகூட என் செருப்பை வாசலுக்கு வெளியே தள்ளினாள். அங்கே நீ நலமா, பாலம் சோதிக்கும் பயிற்சியில் மேலே ஏறி விரிசல் தேடும்போது இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டிக்கொள்கிறாயா. மாட்டிக்கொள்கிறேன் என்று எழுதுவாய், அதை நான் நம்ப மாட்டேன், கொக்கி மாட்டிய நிலையில் ஒரு படம் அனுப்பு, பக்கத்தில் நிற்பவரின் சாட்சிக் கையெழுத்தோடு.

போன கடிதத்தில் ஆறு படங்களை வெட்டி ஒட்டியிருந்தாய். உப்பு, மிளகு, மசாலா இவற்றைக் கையால் அரைக்கும் குப்பிகள், மரத்தில், எஃகில், கண்ணாடியில், அழகிப் போட்டிக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றன. நம் வீட்டுத் திருகிக்கு வயசாயிடுச்சு, இதில் எது வேணும், வாங்கி அனுப்புகிறேன் என்று கேட்டிருந்தாய். எட்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே மிளகுக் குப்பிக்குத் திருகி என்று பெயர் வைத்தவள் நீ. கடைக்காரன் என்ன பெயர் சொன்னாலும் அன்று முதல் இந்த வீட்டில் அது திருகிதான். உன் கேள்வியைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சிதான் வந்திருக்க வேண்டும், சந்தேகம் வந்தது. இத்தனை வருடம் திருகியின் சுகதுக்கத்தை விசாரிக்காதவள் இப்போது மட்டும் ஏன் விசாரிக்கிறாள், இங்கிருந்து யார் ஊதியது என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் சித்தியோ தொலைபேசியில் பழசே போதும், எதுக்குத் தண்டமா ஒண்ணு என்று அரை நிமிஷத்தில் பேச்சை வெட்டிவிட்டாள். பாத்திரக் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் விளக்கை அணைத்த பிறகும் வெளியே வராதவள் அரை நிமிஷத்தில் முடித்தால் அதற்குப் பெயர் பதில் இல்லை, தப்பியோட்டம். ஆகையால் அவள் சொன்னதை ஓரமாக வை. உண்மையான பதில் இதில் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு சட்டச் சிக்கல். விஷயம் உன் சித்தியின் வலது கை. பயப்படாதே, டாக்டர் பார்த்துவிட்டார், சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார், விவரம் வரிசைப்படி வரும். ஆனால் என் கையைப் பத்தி கடுகுக்கு ஒரு வரி எழுதக் கூடாது, எழுதினா பயிற்சியைப் பாதியில போட்டுட்டு ஓடி வந்துடுவா என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நானும் செய்தேன். செய்த பிறகு அந்தச் சத்தியத்தை நான்கு பக்கமும் தட்டிப் பார்த்தேன். ஒரு வரி எழுதக் கூடாது என்றுதான் இருக்கிறது. நூறு வரி எழுதக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. இப்போது மணி பத்தே கால். கைப்பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், பன்னிரண்டுக்குத்தான் வருவாள். இஸ்திரி மேஜையில் காகிதத்தை விரித்து எழுதுகிறேன், இங்கிருந்து ஜன்னல் வழியாகத் தெருமுனை தெரியும், எதிரி வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கதை ஒரு மாதத்துக்கு முன் ஒரு சத்தத்தில் ஆரம்பித்தது, சரியாகச் சொன்னால் சத்தம் வராததில் ஆரம்பித்தது. நம் திருகி ஒரு திருகுக்கு ஒரு கீச் சொல்லும். முட்டைக்கு மூன்று கீச், சூப்புக்கு ஐந்து, உன் சித்திக்கு என் மேல் கோபம் என்றால் எதுவானாலும் ஒன்பது. முன்னறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே சமையலறையில் புயலா, தென்றலா என்று நான் சொல்லிவிடுவேன், வானிலை இலாகாகூட அவ்வளவு துல்லியம் கிடையாது. அன்று காலை முட்டை வந்தது. மேலே கறுப்பாகத் தூள் இருந்தது. கீச் மட்டும் வரவில்லை. மூணு திருகு போட்டியா என்று கேட்டேன், போட்டேன் என்றாள். சத்தம் கேக்கலையே என்றேன், தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன், கீச் போயிடுச்சு என்றாள். மகளே, நான் அந்த முட்டையைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. எண்ணெய் விட்ட திருகியில் அரைத்த மிளகு என்றால் எண்ணெய் வாசம் வர வேண்டும். குனிந்து முகர்ந்தேன். எண்ணெய் வாசமும் இல்லை, மிளகு வாசமும் இல்லை. அப்போது அரைத்த மிளகு நம் மூக்கின் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி, பெயர் சொல்லித் தும்மலைக் கூப்பிடும். இந்தத் தூள் பென்ஷன் வாங்கியவன் மாதிரி விழுந்த இடத்திலேயே கிடந்தது.

சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன் சும்மா இருப்பேனா. மறுநாள் அவள், கையால் பொத்தான் துளை கட்டிக் கொடுக்கும் அந்தக் கோட்டுக் கடைக்குக் கிளம்பியதும் என் சின்னத் தராசை எடுத்தேன். (சொந்தத் தராசு, இலாகா சொத்து இல்லை, யாராவது கேட்டால் அப்படியே சொல்.) மிளகு நிரம்பிய திருகியை அப்படியே எடை போட்டு முட்டை அட்டையின் உள்பக்கத்தில் குறித்தேன். பதினொரு நாள் தொடர்ந்து போட்டேன். பதினொரு நாளும் தினம் இரண்டு வேளை தட்டில் கறுப்புத் தூள் வந்தது, திருகியின் எடையோ ஒரு மிளகின் மூக்களவுகூடக் குறையவில்லை. உலகத்தில் எத்தனையோ தராசுக்கு முத்திரை வைத்திருக்கிறேன், இப்படி ஒரு அதிசயம் கண்டதில்லை. சந்தேகப் பட்டியல் எழுதினேன். முதலில் நம் டாக்டர், போன வருடம் உப்பைக் குறைங்க என்றவர், இந்த வருடம் எனக்குத் தெரியாமல் என் மனைவியைக் கைக்குள் போட்டுக்கொண்டு காரத்தையும் குறைக்கச் சொல்லியிருக்கலாம். இரண்டாவது கோட்டுக் கடைக்காரர், அவர் வீட்டில் திருகியே இல்லை, இல்லாதவனுக்கு இருப்பவனைக் கண்டால் பொறாமை. மூன்றாவது நீ. ஆமாம், நீதான். தூரத்திலிருந்து ஆரோக்கிய உபதேசம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை.

திருடனைப் பிடிக்கத் தூண்டிலில் எதையாவது மாட்ட வேண்டும் அல்லவா, அதனால் பாத்திரக் கடைக்குப் போனேன். பத்தொன்பது வருடத்துக்கு முன் அவருடைய தராசுத் தட்டின் அடியில் காந்தம் கண்டுபிடித்து நான் முத்திரை வைத்த அதே கடைக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, கேட்பதற்கு முன்பே ஐயா இப்ப எல்லாம் மின்தராசு என்றார். திருகி வேணும் என்றதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூன்றை எடுத்து வைத்தார். வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன், அவர் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை.

முதலாவது மரத்தில் செய்தது, கட்டில் கால் உயரம், அதைக் கொண்டு மிளகும் அரைக்கலாம், கதவுக்கு முட்டும் கொடுக்கலாம். உன் சித்தி பார்த்துவிட்டு, அலமாரியில நிக்காது என்றாள். இரண்டாவது எஃகு, ஒரே கையில் பிடித்து, மேலே முயல் காது மாதிரி இருக்கும் இரண்டு பிடியையும் கட்டைவிரலால் சேர்த்து அழுத்தினால் தூள் விழும். குறடு மாதிரி இருக்கு, சமையக்கட்டுல எதுக்குக் குறடு என்றாள். மூன்றாவது கண்ணாடிக் குப்பி, மூடியில் பிளாஸ்டிக் பல். அதை நானே தள்ளிவிட்டேன், பிளாஸ்டிக் பல் தேயும், தேய்ந்தது எங்கே போகும், நம் வயிற்றுக்குத்தான், மிளகு கால் பங்கு, பல் முக்கால் பங்கு. ஆனால் என் மண்டையில் மணி அடித்தது வேறு விஷயத்துக்கு. உன் சித்தியை உனக்குத் தெரியும். துணிக் கடையில் துணியைக் கண்ணால் பார்க்கவே மாட்டாள், இரண்டு விரலால் தடவித்தான் பார்ப்பாள், விரலுக்குத்தான் கண் இருக்கு என்பாள். அப்பேர்ப்பட்டவள் மூன்று திருகியையும் கண்ணால் மட்டும் பார்த்தாள். ஒன்றைக்கூடத் தொடவில்லை. கை முழுதும் புடவைத் தலைப்புக்குள் இருந்தது.

அடுத்த நாள் சட்டையில் பொத்தான் அறுந்து, பொத்தான் டப்பாவைத் திறந்தேன். கோட்டுப் பொத்தான்களுக்கு அடியில் காகிதப் பொட்டலம். பிரித்தேன். அரைத்த மிளகுத் தூள். அதுவும் கடையில் அரைத்தது. என் வீட்டில். அரைச்ச மிளகும் அடுத்தவன் சாட்சியும் ஒண்ணு, கண்ணால பாக்காம ரெண்டையும் நம்பாதே என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்தவன் வீட்டுப் பொத்தான் டப்பாவில். நான் பொட்டலத்தை ஒரு கையிலும் திருகியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, முட்டை அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சமையலறை வாசலில் போய் நின்றேன். பதினொரு நாள் எடைக் கணக்கையும் உரக்க வாசித்தேன். இது என்ன துரோகம், யார் தூண்டுதல், டாக்டரா, கோட்டுக்காரனா, அந்தக் கடுகா என்று கேட்டேன். என் குரலில் மேல் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டது. அவள் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள், கத்தியைக் கீழே வைத்தாள், வலது கையை மேஜை மேல் வைத்துக் காட்டினாள்.

"திருக முடியலைங்க," என்றாள். "கட்டைவிரலும் ரெண்டு விரலும் மரத்துப் போச்சு. எந்தப் பக்கம் திருகறேன்னே தெரியலை. ஊசியும் நிக்க மாட்டேங்குது."

பொட்டலத்தை மேஜையில் வைத்தேன். அப்போதுதான் திரும்பி முன்னறை நாற்காலியைப் பார்த்தேன். அதில் ஏழு கோட்டு குவிந்து கிடந்தது. ஏழிலும் பொத்தான் துளை கட்டாமல் வெறும் சுண்ணக் கோடு. வாரத்துக்கு இரண்டு கோட்டு முடித்து, காலரைத் தட்டி மடித்து, கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். ஒரு மாதமாகக் கடைப் பையன் கொண்டுவந்து போடப் போட அந்தக் குவியல் என் கண் முன்னால் வளர்ந்திருக்கிறது, நான் தினமும் அதன் மேல்தான் துண்டைப் போட்டிருக்கிறேன். மிளகை மூக்களவு எடை போட்டவன், ஏழு கோட்டைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் கோட்டுக் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியவள், கடைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து விரலை நீட்டி மடக்கிவிட்டு உள்ளே போகாமல் வந்திருக்கிறாள். உள்ளே போனால் இன்னும் ஏன் முடியலை என்று கடைக்காரர் கேட்பார், சொன்னால் கைத் துளையை விட்டுவிட்டு மிஷின் துளை போட்டுக்கொள்வார், டாக்டரிடம் போனால் இனி ஊசியே தொடாதே என்பார், உனக்குச் சொன்னால் நீ வந்து நிற்பாய். இந்த நாலையும் தனியாகத் தலையில் சுமந்துகொண்டு, எனக்கு முட்டையும் போட்டிருக்கிறாள்.

அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மணிக்கட்டில் நரம்பு போகும் வழி குறுகி நரம்பை நெரிக்கிறதாம். முப்பது வருட ஊசி வேலை. ஆறு வாரம் பட்டை கட்ட வேண்டும், ஊசி கூடாது, பிழியக் கூடாது, முக்கியமாகத் திருகக் கூடாது என்றார். நல்ல நேரத்துல வந்தீங்க, இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா கட்டைவிரல் சதை கரைஞ்சிருக்கும், ஊசியை மறந்துட வேண்டியதுதான் என்றும் சொன்னார். நான் அவரைச் சந்தேகித்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், உப்பு விஷயத்தில் கேட்கவில்லை. கோட்டுக் கடைக்காரர் தானே வீட்டுக்கு வந்தார். ஏழு கோட்டையும் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அவரோ, உங்க கைத் துளைக்குத்தாம்மா என் கடைக்கு ஆளே வருது, ஆறு வாரம் எல்லாரும் கோட்டைத் திறந்து போட்டுட்டு நடக்கட்டும், காத்துப் படட்டும் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவரையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். இரண்டு வாரம் ஆயிற்று. நேற்று ஊசி முனையை விரலால் தொட்டுவிட்டு, குத்துதுங்க என்று சொன்னாள். ஊசி குத்தியதற்கு ஒருத்தி அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது சமையலறையில் திருகுவது நான். அவள் முன்னறையில் என் நாற்காலியில், என் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்து கீச் எண்ணுகிறாள். நாலு கேட்டுச்சு, முட்டைக்கு மூணுதானே என்று அங்கிருந்தே குரல் வருகிறது. இப்படியே ஆறு வாரம் ஓட்டிவிடலாம் என்று இருந்தேன். ஆனால் பழக்க தோஷம், முந்தாநாள் திருகியை மறுபடி எடை போட்டேன். நான் திருகியதற்கு மேல் குறைந்திருக்கிறது. நான் பால் வாங்கப் போகிற நேரத்தில் பட்டையைக் கழற்றிவிட்டுத் திருகிப் பார்க்கிறாள், கை வந்துவிட்டதா என்று சோதிக்கிறாள். முன்பு எடை குறையவில்லையே என்று சந்தேகம், இப்போது குறைகிறதே என்று பயம். கேட்டால், எவ்வளவு நாளைக்கு நீங்க திருகி நான் சாப்பிடறது, என் சமையக்கட்டுல நான் விருந்தாளியா என்கிறாள். திருகியை ஒளித்து வைத்தால் கடைத் தூள் பொட்டலம் திரும்பி வரும். ஆகையால்தான் மகளே, உன் கேள்விக்கு இத்தனை பெரிய பதில்.

திருகாத திருகி வேண்டும். டாக்டரிடமே திருகியைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டேன். மணிக்கட்டை முறுக்கிறதுதான் கூடாது, நீளமான பிடியைத் தோளிலிருந்து மெதுவாச் சுத்தினா பரவாயில்லை, அதுவும் இப்போதைக்கு இடது கையால என்றார். நீ அனுப்பிய படத்தில் ஐந்தாவதைப் பார், குட்டையாக, தொப்பை பெருத்து, தலை மேல் மடக்கிய கைப்பிடியோடு இருக்கிறது, அழகில் கடைசி, நீயே அதை ஓரத்தில்தான் ஒட்டியிருந்தாய். அதுதான். ஆனால் படத்தை நம்பி வாங்காதே, கடையில் கையில் எடுத்துப் பார். கைப்பிடி உன் உள்ளங்கையை விட நீளமாக இருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் பலம் மணிக்கட்டுக்குத்தான் வரும். முனையில் உருண்டைக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். தொப்பை, மேஜையில் வைத்து முழங்கையால் அணைத்தால் நகராத அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும், அடியில் ரப்பர் இருந்தால் நல்லது. மூடியில் இருக்கும் திருகாணியை இறுக்கினால் நைசு, தளர்த்தினால் கொரகொரப்பு என்று கடைக்காரர் சொல்வார், சொன்னால் போதாது, அரைத்துக் காட்டச் சொல், வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பார், ஒரே சீராக விழுகிறதா, பாதி மிளகு முழுசாக விழுகிறதா என்று. பாலத்தைத் தட்டிப் பார்க்கிறவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிளகுக்கு உள்ளே எஃகுப் பல் இருக்கட்டும். உப்புக்கு எஃகைத் தொடாதே, எத்தனை சத்தியம் செய்தாலும் துரு வரும், உப்புக்குப் பீங்கான் பல். இரண்டும் ஒரே குப்பியில், மசாலாவும் சேர்த்து மூன்றும் ஒரே குப்பியில் என்று விற்பார்கள், அப்படிச் சொல்கிறவன் முகத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், அந்தக் கடைக்குத் திரும்பிப் போகாதே. பட்டைத் துண்டும் கிராம்பும் போட்டால் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு சுற்றவே விடாது, மசாலாவுக்கு எனக்கு உரல் இருக்கிறது, என் கைக்கு வியாதி இல்லை. ஆக மிளகுக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, இரண்டே போதும்.

நீ வரக் கூடாது. இதை ஆய்வாளர் உத்தரவாக எடுத்துக்கொள். உன் பயிற்சிக்கு இன்னும் ஏழு வாரம், இவள் பட்டைக்கு இன்னும் நாலு வாரம், நீ ஓடி வந்தால் என் சத்தியம் ஊரறிய உடைந்ததாகிவிடும், அதற்கப்புறம் எனக்கு முட்டையே கிடையாது. தொலைபேசியில் பேசும்போது கையைப் பற்றிக் கேட்காதே, குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். நானாகவே வாங்கினேன் என்று சொல். கொக்கியை மாட்டு. காற்று அடிக்கிற நாளில் பாலத்தில் ஏறாதே, மேலதிகாரி ஏறச் சொன்னால் முதலில் அவரை ஏறச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, அரைத்து விற்கும் தூள் எதையும் வாங்காதே, பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

நூறு வயது வாழ்ந்து, ஆயிரம் பாலம் தட்டிப் பார்த்து, ஒன்றுகூட உன் பெயரைக் கெடுக்காமல் நிற்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
எல்லோரையும் சந்தேகித்து, பார்க்க வேண்டியதைக் கடைசியாகப் பார்த்த உன் சித்தப்பன்.

கடுகு, இடது கையால எழுதறேன், எழுத்து கோணினா சிரிக்காதே. இவரு தெருமுனையையே பாத்துக்கிட்டு இருந்தாரு, நான் பின்கதவால வந்தேன். கையெழுத்துப் போடற வரைக்கும் பேசாமப் பின்னால நின்னு படிச்சேன். இதுல பத்துக்கு ஒம்பது அளப்பு, மேல் வீட்டுல பூனையே கிடையாது. கை விஷயம் மட்டும் நிஜம். வராதே. அந்த அஞ்சாவதையே அனுப்பு, கைப்பிடி நீளமாப் பாத்து. முட்டைக்கு நான்தான் மூணு சுத்து சுத்தணும்.